மஞ்சக் கடுதாசிக்கு முன்னால்: நொடிகிற தேயிலைப் பேக்டரியில் எது யாருடையது?

ஓடுகிற தேயிலைப் பேக்டரியைக் கண்டுபிடிக்கப் பெயர்ப் பலகை தேவையில்லை. கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் சாலையில், பனிமூட்டத்துக்கு நடுவிலும் டிரையர் வாசனை மூக்குக்கு வந்துவிடும். அந்த வாசனை வாரத்தில் மூன்று நாள் மட்டும் வர ஆரம்பித்தால் சுற்றியுள்ள ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், பேச்சு கிளம்பும். இலை ஏஜென்ட் தன் வண்டியை வேறு பேக்டரிக்குத் திருப்பிவிடுவார். இரண்டு மாதம் கழித்து நள்ளிரவில் ஒரு லாரி தார்ப்பாய் மூடி மேட்டுப்பாளையம் இறங்கினால், மறுநாள் டீக்கடையில் "சி.டி.சி. ரோலர் போயிடுச்சாம்" என்பார்கள். இலையை நசுக்கி அரைக்கிற மெஷின் அது.

அந்த லாரியை அனுப்பிய முதலாளி பெரும்பாலும் ஏமாற்றுக்காரர் இல்லை. சம்பளம் போட வேண்டும், இலைப் பணம் கேட்டு வாசலில் நிற்கும் மாமனுக்குக் கொடுக்க வேண்டும். என் மெஷின், நான் விற்கிறேன் என்பது அவர் நினைப்பு. ஆனால் தொழில் நொடிகிற நிலைக்கு வந்தபின், அங்கே இருக்கிற ஒவ்வொரு பொருளிலும் வேறு யாருக்கோ ஒரு பிடி விழுந்திருக்கும். எதில் யாருடைய பிடி என்று பார்க்காமல் விற்றால், கடனோடு நிற்க வேண்டிய விஷயம் வழக்காகிவிடும்.

பேக்டரிகள் ஏன் இந்த நிலைக்கு வருகின்றன என்பது தனிக் கதை. சுருக்கமாகச் சொன்னால், விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கிற தனியார் பேக்டரிக்கு விலை இரண்டு பக்கமும் கையில் இல்லை. தூளின் விலையை ஏலம் தீர்மானிக்கிறது. அந்த விலையில் விவசாயிக்கு 65 பங்கு, பேக்டரிக்கு 35 பங்கு என்பது இப்போதைய பங்கீட்டு முறை. அந்த 35-க்குள் விறகு, மின்சாரம், கூலி, வட்டி எல்லாம் அடங்க வேண்டும். சோவியத் ரஷ்யா உடைந்து, 1990களின் கடைசியில் நீலகிரித் தூளுக்கு விலை விழுந்தபோது தொடங்கிய நெருக்கடி அலை அலையாக வந்துகொண்டேதான் இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு பேக்டரி, அண்ணன் தம்பி இருவர் கூட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நோட்டை எடுத்து, கேட்டிலிருந்து ஆரம்பித்து கண்ணில் படுவதையெல்லாம் எழுத வேண்டும்.

மெஷின்களும் தூள் சரக்கும் பெரும்பாலும் வங்கிக்கு ஹைபோதிகேஷனில் இருக்கும். பொருள் உங்கள் கையில், உரிமைப் பிடி வங்கியிடம். லாரியின் ஆர்.சி. புத்தகத்திலும் அப்படி ஒரு வரி இருக்கும். வங்கியின் சம்மதம் இல்லாமல் இவற்றை விற்றால் சிவில் கடன் குற்ற வழக்காக மாற வாய்ப்பு உண்டு. தூளை நிறம் பார்த்துப் பிரிக்கிற கலர் சார்ட்டர் மெஷின் வாடகையிலோ லீஸிலோ வந்திருந்தால் அது உங்கள் பட்டியலிலேயே வராது. ஏலத்துக்கு அனுப்பிய தூளை எண்ணும்போதும் கவனம் வேண்டும். அதன்மேல் புரோக்கரிடம் முன்பணம் வாங்கியிருந்தால், கழித்தது போக மிச்சம்தான் உங்களுடையது. ஓரமாகக் குவிந்திருக்கும் தேயிலைக் கழிவைக்கூட வருகிறவனுக்கு அள்ளிக் கொடுத்துவிட முடியாது. அதற்கென்றே 1959-இல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டிருக்கிறார்கள், வாங்குபவருக்கு உரிமம் வேண்டும்.

மலையில் மட்டும் வருகிற சிக்கல் மரம். தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கைப் பார்த்து, "இதை வெட்டினா பாதிக் கடன் தீரும்" என்று மனக்கணக்குப் போடாத முதலாளி இல்லை. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தப் பட்டாவில் நிற்கும் மரமானாலும் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் கோடரி வைக்கக் கூடாது. நிலம் அடமானத்தில் இருந்தால் மரமும் அந்த அடமானத்தோடு சேர்ந்ததே. ஆக வனத்துறைக்கு ஒரு பதில், வங்கிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டிவரும்.

நிலமும் அப்படித்தான். பல ஹட்டிகளில் பூர்வீக நிலம் கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது. கூடலூர் பக்கம் போனால், ஜென்மி என்ற பழைய நிலக்கிழார்களின் உரிமையை நீக்கிய 1969-ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வருகிற நிலங்களுக்கு இன்றைக்கும் உரிமைத் தகராறு தீரவில்லை. கட்டடத்தை வாங்கி ரிசார்ட் ஆக்கிவிடலாம் என்று கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர், மலைப் பகுதியில் நிலப் பயன்பாட்டை மாற்ற வாங்க வேண்டிய அனுமதிகளைக் கேட்டதும் விலையைக் குறைப்பார், அல்லது போனை எடுக்க மாட்டார். அடமானக் கடன்களுக்கு வங்கிகள் பயன்படுத்தும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பது நிஜம். ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் எழுதியிருப்பதோடு நீதிமன்றம் நிற்பதில்லை, உண்மையில் அங்கே விவசாயம் நடக்கிறதா என்று பார்க்கிறது. அதை நிரூபிக்கிற பொறுப்பு கடன் வாங்கியவருடையது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேக்டரி நிற்கிற இடத்தைத் தோட்டம் என்று சொல்லித் தப்பிக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் பிடி விழுந்த பொருட்கள். மறந்துபோன பொருட்களும் உண்டு. மின்வாரியத்தில் கட்டிய டெபாசிட் அப்படி ஒன்று. உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் பேக்டரிக்கு மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் டிமாண்ட் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். லோடைக் குறைக்கவோ இணைப்பை ஒப்படைக்கவோ எழுதிக் கொடுக்காமல் ஆறு மாதம் ஓட்டினால் டெபாசிட் அதிலேயே கரைந்துவிடும். இன்னொன்று, வர வேண்டிய பாக்கி. ஏலத்துக்கு வெளியே நேரடியாகத் தூள் வாங்கிய பாக்கெட் கம்பெனி பணத்தை இழுத்தடித்தால், 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் போகும் பாக்கிக்கு ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கலாம். சரக்கு கொடுக்கும்போதே சிறு தொழில் பதிவு இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தன் கடனை நினைத்து ராத்திரி தூங்காதவர்கள் தனக்கு வர வேண்டியதைக் கேட்கக் கூச்சப்படுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழில் 'கடன்காரன்' என்ற ஒரே சொல் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் பொருந்துகிறது. ஒரே ஆள் இரண்டுமாக இருப்பது தொழிலில் சாதாரணம்.

பட்டியல் முடிந்ததும் வருகிற கேள்வி, கடன் கழுத்துக்கு வந்தால் எந்தச் சட்டம் என்பது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம், சென்னையில் உள்ள கம்பெனி சட்டத் தீர்ப்பாயம். நம் அண்ணன் தம்பி போன்ற கூட்டு நிறுவனத்துக்கும் தனி முதலாளிக்கும் அந்தச் சட்டத்தின் பகுதி இன்னும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமலாக்கினார்கள். ஆகவே ஊட்டி நீதிமன்றத்தில் ஒருவர் 'ஐ.பி.', அதாவது திவால் மனு, கொடுக்கிறார், ஊர் மொழியில் மஞ்சக் கடுதாசி கொடுக்கிறார் என்றால், அவர் போவது 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டத்தின் கீழ்தான்.

அந்தச் சட்டம் எவ்வளவு பழையது என்பதற்கு இரண்டு எண் போதும். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனு கொடுக்கலாம். தொழிலாளியின் சம்பளப் பாக்கிக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் சட்டத்தின் மூல வாசகத்தில் அதன் உச்சவரம்பு ஆளுக்கு 20 ரூபாய்! இன்றைக்கு அதில் இரண்டு டீயும் ஒரு வர்க்கியும்கூட வராது.

வயதானாலும் அதன் பல் கூர்மையாகவே இருக்கிறது. திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் அவர் சொத்து முழுவதும், அதைப் பொறுப்பேற்று விற்றுப் பங்கிடுகிற ரிசீவர் வசம் போகிறது. அடமானம் பிடித்த வங்கி தனியே தன் பொருளை விற்றுக்கொள்ளலாம். சிவில் நடைமுறைச் சட்டம் ஜப்தி செய்யக் கூடாது என்று ஒதுக்கி வைத்தவை ரிசீவரிடமும் போகாது: உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி, கைவினைஞரின் கருவிகள், தானே பயிர் செய்து பிழைப்பவரின் உழவுக் கருவிகளும் அவர் குடியிருக்கும் வீடும். மனைவிக்குத் தாய்வீட்டில் போட்ட நகை அவளுடைய சொத்து, கணவனின் கடனுக்கு அதில் கை வைக்க முடியாது. அவளும் பங்குதாரராகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. நம் ஊரில் வங்கி மேலாளர் நீட்டும் தாளில் மனைவியின் கையெழுத்தும் சேர்ந்தே விழுந்துவிடுகிறது, யாரும் படிப்பதில்லை.

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இனிமேல்தான் வருகிறது. தொழில் தள்ளாடும்போது வருகிற முதல் யோசனை, வீட்டை மச்சான் பேருக்கு எழுதி வைத்துவிடலாம் என்பது. இந்த 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, மனு கொடுப்பதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் நடந்த கைமாற்றங்களைத் திருப்பிப் பார்க்க அனுமதிக்கிறது. நல்லெண்ணத்தோடு சரியான விலை கொடுத்து வாங்கியவர் தப்புவார். தான செட்டில்மென்ட் வாங்கிய மச்சான் தப்ப மாட்டார், பத்திரத்தையே நீதிமன்றம் ரத்து செய்யலாம். அதற்கு மேல், சொத்தை ஒளித்தவர் என்ற பெயரோடு, கடனிலிருந்து விடுதலை கேட்டு அதே நீதிபதி முன் நிற்க வேண்டும்.

54-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில், கட்ட முடியாத நிலையில் இருந்துகொண்டே, ஒருவருக்கு மட்டும் முந்திக் கொடுக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு கொடுத்த பணமும் செல்லாது. நீலகிரியில் இது நெஞ்சை அறுக்கும் கேள்வி. இலை போட்டவர்கள் யாரோ இல்லை. அதே ஹட்டி, அதே கோயில், கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருகிற முகங்கள். சட்டத்தின் கணக்கில் அவர்கள் எந்தப் பிடியும் இல்லாத கடன் கொடுத்தவர்கள், வரிசையின் கடைசியில் நிற்பவர்கள். என் கருத்தைச் சொல்கிறேன்: பேக்டரி ஓடும்போது, வழக்கமான தேதியில், எல்லா விவசாயிக்கும் ஒரே அளவில் இலைப் பணம் பட்டுவாடா செய்து பதிவேட்டில் எழுதினால் அது தொழிலின் அன்றாட நடப்பு. மூடப் போகிற வாரத்தில் தம்பியின் மாமனாருக்கு மட்டும் கைமாத்துக் கடனை முழுசாகத் திருப்பினால், அதைத் தேடித்தான் 54-ஆம் பிரிவு வருகிறது.

கூட்டுத் தொழிலில் இன்னொரு வரிசையும் உண்டு. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்து முதலில் நிறுவனக் கடனுக்கு, பங்குதாரரின் சொந்தச் சொத்து முதலில் அவருடைய சொந்தக் கடனுக்கு. மிச்சம் இருந்தால் இங்கிருந்து அங்கே போகும். அண்ணன் பேக்டரிக்குப் போட்ட கைக்காசு, வெளியார் கடன் எல்லாம் தீர்ந்தபின்தான் திரும்பும். ஆனால் வெளியார் முழுக் கடனையும் அண்ணனிடமே கேட்கலாம், தம்பியிடமே கேட்கலாம். "என் பங்கு பாதிதானே" என்று வங்கியிடம் சொல்லிப் பயனில்லை.

இதையெல்லாம் விட முக்கியம், எப்போது வாயைத் திறக்கிறோம் என்பது. தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அப்புறம் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்குப் பதில் எழுதினால் வங்கி 15 நாளில் மறுமொழி சொல்லியாக வேண்டும். பிறகு சொத்தைக் கைப்பற்றுதல், விற்பனை அறிவிப்பு. கைப்பற்றியதை எதிர்த்து 45 நாளுக்குள் கோயம்புத்தூர் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முழுப் பணத்தையும் கட்டிச் சொத்தை மீட்கிற உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். முன்பு விற்பனை நடக்கிற நிமிடம் வரை இருந்ததை 2016-இல் திருத்திவிட்டார்கள். பழைய ஞாபகத்தில் ஏலத்தன்று பணப்பையோடு ஓடியவர்கள் ஏமாந்தார்கள்.

அந்த முதல் 90 நாளுக்குள் ஒரு கதவு இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. சிறு தொழில்களை மீட்கும் திட்டம் ஒன்றை மத்திய அரசு 2015 மே மாதம் அறிவித்தது. 25 கோடி வரை கடன் உள்ள தொழில் தடுமாற ஆரம்பித்ததும், முதலாளியே எழுதிக் கேட்கலாம். வங்கி ஒரு குழு அமைத்து தவணையை மாற்றுவதா, மேலும் கடன் கொடுப்பதா, விற்று முடிப்பதா என்று பார்க்க வேண்டும். இது வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, நான் சிறு தொழில் என்று ஆதாரத்தோடு முன்கூட்டியே சொல்லாமல், கணக்கு வாராக்கடனான பின் வந்து கேட்டால் பயனில்லை என்றும் சொன்னது. ஒரே தடவையில் பேசி முடிப்பதை, ஓ.டி.எஸ். என்பதை, உரிமையாகக் கேட்க முடியாது என்பதும் 2021-லேயே முடிவான விஷயம். அது வங்கியின் மனம், உங்கள் கையில் இருக்கிற பேரம்.

பேரத்துக்குப் பலம் தருவது ஓடுகிற பேக்டரி. கணக்குக்காக ஒரு எண் போடுவோம். வங்கிக்கு 80 லட்சம், தொழிலாளருக்கு 6, இலைப் பணம் 14, கைக்கடன் 20. மொத்தம் 120 லட்சம். பேக்டரியை ஓடும் நிலையிலேயே, உரிமங்களோடும் இலை போடும் விவசாயிகளோடும் சேர்த்து ஒருவருக்கு விற்றால் 100 லட்சம் கிடைக்கிறது என்று வையுங்கள். வங்கி முழுசாக எடுக்கிறது, தொழிலாளர் பாக்கி தீர்கிறது, மிச்சம் 14 லட்சத்தை இலைக்காரரும் கைக்கடன் கொடுத்தவரும் பங்கிட்டால் ரூபாய்க்கு 41 பைசா. அதே பேக்டரி பூட்டிக் கிடந்து ஒரு மழைக்காலம் கழித்து இரும்பு விலைக்குப் போனால்? மெஷின் எடைக்கு 16, கட்டடமும் இடமும் அவசர விலையில் 35. வங்கிக்கே 29 லட்சம் குறைகிறது. அது ஜாமீன் கையெழுத்தைத் தேடி அண்ணன் தம்பி வீட்டுக்கு வரும். இலைக்காரருக்குப் பேக்டரியிலிருந்து ஒரு பைசா இல்லை.

மலையில் இந்த வித்தியாசம் சமவெளியை விட வேகமாக விரியும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. ஈரக் காற்றில் நிற்கிற பேரிங் துருப்பிடிக்கும், மோட்டார் காயில் ஈரம் குடிக்கும். வாங்குகிறவர் ரோலரைப் பார்க்கும்போதே மலையிறக்கும் லாரி வாடகையை மனதுக்குள் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். ஆள் இல்லாமல் 30 நாளுக்கு மேல் கட்டடம் பூட்டிக் கிடந்தால், வழக்கமான தீ விபத்துப் பாலிசியின் பாதுகாப்பு நின்றுவிடும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிச் சம்மதம் வாங்க வேண்டும். 2009 நவம்பர் மழையில் இந்த மலை எப்படிச் சரிந்தது என்று பார்த்தவர்கள் அந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

வங்கி ஏலம் ஒன்றே வழி என்றும் இல்லை. ஆள் தேடிப்பிடித்து, வங்கியின் சம்மதத்தோடு பேசி விற்று, பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டச் சொல்லலாம். சர்ஃபாசி விதிகளே அதற்கு இடம் கொடுக்கின்றன. அந்த நள்ளிரவு லாரியைப் பகலில், ஒரு கடிதத்தோடு அனுப்பினால் போதும். விற்கும்போது ஜி.எஸ்.டி. உண்டு என்பதை விலை பேசும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். பதிவை ரத்து செய்தால் கையிருப்புச் சரக்கு, மெஷின் ஆகியவற்றுக்கு முன்பு எடுத்த வரிக் கழிவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும், மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்னும் போட வேண்டும்.

விற்ற பணம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பி.எப். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட பணம் கடனே இல்லை, அடுத்தவர் காசு. அதைக் கட்டாதது நம்பிக்கை மோசடிக் குற்றம், மஞ்சக் கடுதாசி அதை மூடாது. இலை ஏஜென்டிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்குகளும் அப்படியே. செக் திரும்பினால் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அப்புறம் குற்ற வழக்கு, இரண்டு வருடம் வரை தண்டனை. கட்ட வழியில்லாத ஒருவரை வெறும் கடனுக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு சிவில் கடனுக்குத்தான், செக்குக்கு உதவாது.

கடைசியாக ஒன்று. மஞ்சக் கடுதாசி கொடுத்தவுடன் கடன் ஒழிந்தது என்று ஊரே நினைக்கிறது. மனு ஏற்கப்பட்டால் கிடைப்பது திவாலானவர் என்ற அறிவிப்பு மட்டும். அந்த உத்தரவிலேயே, இத்தனை காலத்துக்குள் விடுதலை கேட்டு மனுப் போட வேண்டும் என்று நீதிபதி ஒரு கெடு வைப்பார். கெடுவுக்குள் போகாவிட்டால் திவால் அறிவிப்பே ரத்தாகி, கடன் கொடுத்தவர்கள் மறுபடியும் வாசலுக்கு வரலாம். விடுதலை கிடைத்தாலும் அரசுக்குக் கட்ட வேண்டியதும் மோசடியால் வந்த கடனும் அப்படியே நிற்கும். அறிவிப்புக்கும் விடுதலைக்கும் நடுவில் அவர் கைக்கு வருகிற சொத்தும் ரிசீவருக்கே சேரும். அந்த இடைவெளியில் அப்பா காலமாகி, கூட்டுப் பட்டாவில் கிடந்த இரண்டு ஏக்கர் தேயிலையில் மகனுக்குப் பங்கு வந்தால், அந்தப் பங்கு முதலில் போகிற இடமும் ரிசீவரின் பட்டியல்தான்.